இருக்கிறாயா என்று மட்டும்

ஒரு புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அறிய, கம்ப்யூட்டர் அதற்குக் கொடுத்திருக்கும் எண்ணுக்கு வெறும் சிக்னல் ஒன்றை அனுப்பும்படி எழுதியிருந்தாள் மதுரவல்லி. அது வேலை எதுவும் ஏவாது. இருக்கிறாயா என்று மட்டும் கேட்கும்.

"இது போதாதுங்க," என்றான் உடன் வேலை செய்யும் இர்ஃபான். "பழசு நின்னுபோயிருக்கும். அதே நம்பர் வேற ஒண்ணுக்குப் போயிருக்கும். உங்களுக்கு இருக்குன்னுதான் பதில் வரும்."

அதைத் திருத்திவிட்டுக் கிளம்புவதற்குள் இருட்டிவிட்டது. பஸ்ஸில் ஏறியதும் தினமும்போல் அப்பாவின் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தாள். ஆபீஸ் விட்டாயிற்று என்று அர்த்தம். அப்பா இறந்தபின் ஊமையாகக் கிடந்த அந்த எண், சில மாதங்களாக மறுபடி மணி அடிக்கிறது. யாரென்று அவள் கேட்டதில்லை. இன்று அவள் கட் செய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அறியாத ஒரு பெண்குரல்.

"இன்னைக்கு ஏம்மா இவ்வளவு நேரம்?"