சாரலுக்கு வந்தவர்கள்

உமாதேவி நசுக்கிய நசுக்கலில் பூண்டு உரலைவிட்டுத் தெறித்து ஜன்னல் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது.

நாலு பல் போதும் என்று வீடியோவில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். உமாதேவி எட்டுப் பல் போட்டாள். தின்கிறவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வரட்டும்.

வீடியோவை அனுப்பியவள் ஜோதிலட்சுமி. உமாதேவியின் கணவருக்குப் பெரியப்பா மகனான மகாதேவனின் மனைவி, சென்னையில் இருக்கிறாள். பிள்ளைகள் இப்போதெல்லாம் வடை பஜ்ஜியைத் தொடுவதில்லையாம். அருவியில் குளித்துவிட்டு வந்தால் பசி தாங்க மாட்டார்களாம். சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்க இந்தச் சீஸ் லாக் என்கிற சீஸ் உருளையைச் செய்து வைத்துவிட்டால் போதுமாம். ரொம்ப ஈஸியாம், அடுப்புகூடப் பற்ற வைக்க வேண்டாமாம்.

என்ன கரிசனம்!

வீடியோவில் சொன்ன க்ரீம் சீஸ் தென்காசியில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கடைசியில் சுஹைப் கடையில் கட்டிச் சீஸ்தான் இருந்தது. அதை வாங்கி வந்து துருவி, துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரோடு சேர்த்து, பூண்டும் பச்சை மிளகாயும் மிளகுத்தூளும் மல்லித்தழையும் போட்டுப் பிசைந்தாள். சப்பாத்தி மாவைக்கூட யாரும் அப்படிக் குத்திப் பிசைய மாட்டார்கள்.

இலஞ்சியில் வீடு வைத்திருப்பது பெரிய பாவம். ஆனி பிறந்து குற்றாலத்தில் நாலு தூறல் விழுந்துவிட்டால் போதும், எங்கெங்கோ இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் பாசம் பொங்கிவிடும். வாடகை இல்லாத லாட்ஜ், கேட்டது கிடைக்கும் ஓட்டல், துவைத்துப் போடவும் ஆள். வேறு என்ன வேண்டும்?

மகாதேவன் குடும்பம் ஒரு சீசனும் தவறியதில்லை. உமாதேவியின் கணவர் மந்திரமூர்த்தியும் லேசுப்பட்டவர் இல்லை. அண்ணன் வருகிறார் என்றால் அவருக்குக் கால் தரையில் பாவாது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கி அடுக்குவார். தன் கட்டிலை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு வராந்தாவில் பாயை விரிப்பார். உமாதேவி முகத்தைத் தூக்கினால், கூடப் பிறக்காவிட்டாலும் எனக்கு அண்ணன் என்று இருப்பது ஒருத்தர்தானே என்பார்.

அந்த ஒருத்தரைத்தான் பங்குனியில் வரச் சொன்னார்கள். மகள் சத்யபிரியாதான் போன் பண்ணினாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கூப்பிட்டாள். வெயில் தாங்காதாம், சின்னவனுக்குப் பரீட்சையாம். எப்படியும் சீசனுக்கு வரத்தானே போகிறோம், அப்போது சேர்த்து வந்துவிடுகிறோம் என்று மகாதேவன் வாய்ஸ் மெசேஜ் போட்டார்.

பங்குனியில் அருவியில் வெறும் பாறைதான் தெரியும். பாறையைப் பார்க்க யார் வருவார்கள்?

இன்றைக்குக் கேட்டே தீருவது என்று உமாதேவி முடிவு செய்திருந்தாள். ஏன் வரவில்லை என்று மகாதேவன் அத்தானின் முகத்துக்கு நேரே ஒரே ஒரு கேள்வி. கல்யாணமான நாள்முதல் அடுப்படியில் முணுமுணுத்துவிட்டு, வெளியே வரும்போது சிரிப்பை ஒட்டிக்கொண்டு காபி நீட்டியது போதும்.

சத்யபிரியாவுக்குப் பயம். முந்திரியைப் பொடித்துக்கொண்டே கெஞ்சினாள். அப்பா வழியில் நமக்கென்று இருப்பது பெரியப்பா ஒருவர்தான், நாளைக்கு என் கல்யாணத்தில் முன்னால் நிற்க வேண்டியவர், ஒரு கேள்வி கேட்டு அதையும் கெடுத்துக்கொள்ளாதே, அப்புறம் இந்த வாசலை மிதிக்க மாட்டார் என்றாள்.

"மிதிக்காட்டாப் போறாவ. கேக்காம விட்டா எனக்குச் சோறு எறங்காதுட்டி."

பிசைந்ததை நீளமாக உருட்டி, தாளில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தாள். இறுகியதும் எடுத்து முந்திரித் தூளில் புரட்டித் தட்டில் வைத்து, சுற்றிலும் உப்பு பிஸ்கட்டை அடுக்கினாள். முதல் தடவை செய்ததற்கு வெகு லட்சணமாக வந்திருந்தது. அதைப் பார்க்கவும் எரிச்சலாக இருந்தது.

அவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வரவில்லை. கூட்டம் சேர்வதற்குள் குளித்துவிட வேண்டும் என்று நேரே மெயின் அருவிக்குக் காரை விட்டுவிட்டார்கள். அதையும் ஜோதிலட்சுமி போன் பண்ணிச் சொன்னாள். இந்த வருஷம் தண்ணீர் பிரமாதமாம்.

மத்தியானம் வாசலில் கார் நின்றது. எல்லோரும் ஈரத்தலையோடு இறங்கினார்கள். மகாதேவன் தோளில் துண்டு கிடந்தது. ஜோதிலட்சுமி கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம். பிள்ளைகள் வழியிலேயே தின்னத் தொடங்கியிருந்தார்கள்.

உமாதேவி கதவைத் திறந்துவிட்டு நிலைப்படியில் நின்றாள். கேள்வி தொண்டைவரை வந்துவிட்டது. சத்யபிரியா பின்னாலிருந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

ஜோதிலட்சுமி படிவரை வந்தாள். பிறகு சிரித்துக்கொண்டே, ஆனால் சுருக்கென்று கேட்டாள்.

"என்ன உமா, இவ்வளவு தூரத்துலருந்து வந்து நிக்கோம். வாங்கன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கியே?"

உமாதேவிக்குத் தான் கேட்க வைத்திருந்த கேள்வி மறந்துபோனது. அது இனித் தேவையும் இல்லை.

"துட்டி கேக்க வந்தவங்கள வாங்கன்னு சொல்லக் கூடாதுல்லாக்கா," என்றாள். "தன் தம்பி செத்ததக் கேக்கத்தான அத்தான் வந்திருக்காவ?"

பிள்ளைகள் சிப்ஸ் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

மகாதேவன் அவசர அவசரமாகத் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனவர்கள் திரும்பிவந்துதான் தலை முழுகுவார்கள். முழுகிவிட்டுத் துட்டிக்கு வந்தவர்களை இலஞ்சியில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.