கதவைத் திறந்தவள்

நீல விளக்கு எரிந்ததும் அவன் கை தானாகக் குறுக்கே போயிற்று.

"கைய எடுங்க தம்பி. புள்ள மேல வெளிச்சம் படோணுமல்ல?" என்றாள் நர்ஸ்.

எடுத்தான். பழக்கதோஷம், வேறென்ன. திருப்பூரில் பனியனுக்குப் படம் அச்சடிக்கிறவர்களுக்கு ஃப்ரேம் செய்து கொடுப்பவன் அவன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணியில் மருந்து பூசிக் காயவைப்பான். மஞ்சள் பல்பைத் தவிர வேறு வெளிச்சம் பட்டால் மருந்து இறுகிவிடும். அத்தனை ஃப்ரேமும் பாழ். அதிலும் நீலம்தான் எமன்.

இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் மகள், பிறந்து ஒரு வாரம்கூட ஆகாதவள், கண்ணில் கட்டோடு அந்த நீலத்திலேயே கிடந்தாள்.

வீடும் பட்டறையும் ஒரே அறை. ஜன்னல் முழுக்கக் கறுப்புத் தாள். அவன் மனைவி சுகந்திக்குப் போய் இருக்கத் தாய்வீடு கிடையாது. பிரசவம் முடிந்து பிள்ளையோடு நேரே அங்கேதான் வந்தாள்.

மஞ்சள் பல்பின் கீழ் எல்லாமே மஞ்சள்தான். சுவர், வேட்டி, பால் டம்ளர். பிள்ளை மட்டும் வேறு நிறமாகவா தெரியும்?

பெற்றவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"ஏனுங்க, புள்ள சரியாப் பால் குடிக்க மாட்டேங்குது. கதவத் தெறங்க, வெளிச்சத்துல பாக்கோணும்."

"ஃப்ரேமு காயுது கண்ணு. கம்பெனிக்காரன் வந்து நிப்பான். பொழுதோட பாத்துக்கலாம்."

பொழுது சாய்ந்து பார்த்தால் வெளியே இருட்டு. உள்ளே அதே பல்பு. மறுநாளும் ஃப்ரேம் காய்ந்தது.

இன்று காலை அவள் கேட்கவில்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டு போய்க் கதவை விரியத் திறந்தாள்.

வெயில் உள்ளே பாய்ந்தது.

அவன் பதறி எழுந்தான். கறுப்புத் துணியை எடுத்து ஃப்ரேம்களின் மேல் போட்டான். நாலு மூலையும் இழுத்து மூடினான்.

அதற்குப் பிறகுதான், பாவி, பிள்ளையைத் திரும்பிப் பார்த்தான்.

நெற்றி, மார்பு, உள்ளங்கால், கண்ணின் வெள்ளை. எல்லாம் மஞ்சள் அரைத்துப் பூசியது போல இருந்தது.

சுகந்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வை ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்தது.

"ரெண்டு நாளா இப்பிடிக் கெடந்திருக்குது. வீட்ல ஒருத்தர் கண்ணுலயும் படலையா?" நர்ஸ் பொரிந்தாள். "இன்னும் ஒரு நாள் உட்டிருந்தா காமாலை மூளைக்கு ஏறியிருக்கும், தெரியுமா?"

கதவைத் திறக்க விடாததைச் சுகந்தி சொல்லிவிடட்டும், எல்லார் முன்னாலும் சொல்லிக் காறித் துப்பட்டும் என்றிருந்தது அவனுக்கு.

"வீட்ல வெளிச்சம் பத்தாதுங்க சிஸ்டர்," என்றாள் சுகந்தி. அவ்வளவுதான்.

நர்ஸ் பெட்டிக்குள் கைவிட்டுப் பிள்ளையின் கண்கட்டை இழுத்துச் சரிசெய்தாள். "இந்த நீல வெளிச்சத்துல காமாலை எறங்கிரும், இனிப் பயமில்ல. ஆனா இந்தக் கட்டு நகரவே கூடாது. நகந்தா கண்ணுக்கு ஆகாது. யாராச்சும் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கோணும். நீ பச்ச ஒடம்புக்காரி, போய்ப் படு."

சுகந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"அவரு பாத்துக்குவாருங்க," என்றாள். "வெளிச்சம் படாமப் பாத்துக்கறதுல அவரு கெட்டிக்காரருங்க."

கோபத்தில் சொன்னாளா, நம்பித்தான் சொன்னாளா, அவனுக்குப் பிடிபடவில்லை. ஸ்டூலை இழுத்துப் பெட்டியோரம் போட்டு உட்கார்ந்தான்.

கண்ணைக் கொட்டவே பயமாக இருந்தது.