அக்கா பெயரில் வந்தவன்

ஆஸ்பத்திரியில் எல்லாருடைய கணினியும் திறந்துவிட்டது, லேப் அக்காவுடையதைத் தவிர.

லேபில் ரிப்போர்ட் அடிக்கிறவள். வயது ஐம்பதைத் தாண்டியதால் டைரக்டருக்குக்கூட அவள் அக்காதான்.

விடிகாலையில் எவனோ ஒரு திருடன் ஆன்லைனில் நுழைந்து லேப் ரிப்போர்ட்டுகளைப் பூட்டத் தொடங்கியிருந்தான். பாதுகாப்பு சாஃப்ட்வேர் அவன் நுழைந்த கணினியை மட்டும் மற்றவற்றிலிருந்து துண்டித்து, பூட்டியதையெல்லாம் பழையபடி மீட்டுக் கொடுத்துவிட்டது. பதினோரு மணிக்கெல்லாம் டாக்டர்கள் ஒன்றும் நடக்காதது போல டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

ஆனால் திருடன் வந்தது அக்காவின் பெயரில், அக்காவின் பாஸ்வேர்டில்.

முந்தைய நாள் அவளுக்கு ஒரு மெயில். லீவு பாஸாகிவிட்டது, உள்ளே வந்து பாருங்கள் என்றது. லீவு என்றால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? கேட்ட இடத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டாள். லீவு வரவில்லை, இவன் வந்தான்.

இப்போது கணினிப் பிரிவில், அடையாள அட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நேரில் வந்து முகத்தைக் காட்டினால்தான் புது பாஸ்வேர்டு. பக்கத்தில் டைரக்டர், கையைக் கட்டிக்கொண்டு. சாதாரணமாக இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன்! இந்த வேலை போனால் இந்த வயதில் அக்காவுக்கு வேறு யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்?

கணினிப் பிரிவுப் பெண், சாஃப்ட்வேர் எழுதி வைத்திருந்த குறிப்பைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சார், அவன் உள்ள வந்ததுமே சாஃப்ட்வேருக்குச் சந்தேகம் வந்து பின்னாடியே போயிருக்கு. பாஸ்வேர்டை எடுத்த எடுப்பிலேயே சரியா போட்டுட்டானாம். ஆறு வருஷத்துல அக்கா ஒரு நாள்கூட அப்படிப் போட்டதே இல்லையாம்."

டைரக்டர் ஒரு கணம் முறைத்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணில் நீர் வரும்வரை! அக்காவுக்குப் புது பாஸ்வேர்டு கொடுக்கச் சொன்னார்.

அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அப்பாடா என்றிருந்தது. மானம் போனால் போகட்டும், வேலை தப்பியதே!

புது பாஸ்வேர்டை ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டினாள்.

தவறு என்று திரை சிவந்தது.

"அக்காவேதான், சார்" என்றாள் கணினிப் பிரிவுப் பெண், நிம்மதியாக.