பன்னிரண்டாம் உறை

எண்ணுபவருக்கு அது எந்த இலை என்று தெரியக் கூடாது. ஆய்வகத்தின் வழக்கம் அது. கண்ணாடித் தகட்டில் எண் மட்டும் இருக்கும், விவரம் ஒட்டிய உறைக்குள் இருக்கும். காற்றில் கரியமில வாயு கூடினால் இலைகள் தங்கள் மூச்சுத்துளைகளைக் குறைத்துக்கொள்ளும். கல்லில் பதிந்த பழைய இலைகளில் அவற்றை எண்ணித்தான் மனிதன் பிறக்காத வெப்பக் காலங்களின் காற்றைக் கணக்கிடுகிறார்கள். மூன்று வருடம் எண்ணியதில் மங்கையர்க்கரசிக்கு வலது கண் எப்போதும் கலங்கியே இருக்கும்.

பன்னிரண்டாம் தகட்டில் துளைகள் மிகக் குறைவு.

"இது ஃபாசில் இலைதான் சார். முப்பது லட்சம் வருஷத்துக்கு முந்துனது," என்றாள்.

பேராசிரியர் தேவசகாயம் உறையைப் பிரித்துப் பார்த்தார். ஒப்பிடுவதற்காக, வாசல் நாவல் மரத்தில் நேற்று அவரே பறித்த இலை.

"தகட்ட மாத்தி வச்சிட்டம்மா."

"நம்பர் போட்டு கவர ஒட்டுனது நீங்கதானே சார்."

மறுபடி எண்ணச் சொன்னார். எண்ணினாள். அதே எண்தான் வந்தது. அவர் ஜன்னல் வழியே நாவல் மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது எப்போதும் போல, ஒரு குற்றமும் அறியாததாக நின்றது.

"திங்கக்கிழம அறிக்கை போகணும். இத விட்டுடு. வேற மரத்துல ஒரு இலை பறிச்சுட்டு வா."

"வேற காத்துல நிக்கிற மரம் எங்க சார் இருக்கு?"

தேவசகாயம் பிரித்த உறையின் விளிம்பை நாக்கால் நனைத்து, பழையபடி ஒட்டி, பிரிந்துவிடாதபடி கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார்.