மத்தியான நெட்

நெட் சரியில்லை என்று சொல்லித்தான் கணவன் நெட்காரரை வரவழைத்திருந்தான். அவர் வந்து பார்த்தால் பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை.

விஷயம் வேறு. மாசம் பாதியிலேயே நெட் தீர்ந்துபோகிறதாம். அவனோ காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறானாம். அப்போ மத்தியானத்தில் யாரோடு இவ்வளவு பேச்சு?

"எந்த நேரத்துல எது ஓடுதுன்னு உங்க ஆபீஸ்ல தெரியும்தானே? அதை மட்டும் சொல்லு. மீதியை நான் பாத்துக்கறேன்."

சமையலறை வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி நின்றிருந்தாள். நெட்காரர் வந்ததிலிருந்தே அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அவளுடைய அம்மா வீட்டோடு அவன் சண்டை போட்டு, இனி பேசவே கூடாது என்று சொல்லிவிட்டான். அவன் வேலைக்குப் போனபிறகு வீடியோவில் அம்மாவுக்குக் குழந்தையைக் காட்டுவாள். பேரன் தவழ்ந்ததை அந்த அம்மா போனில்தான் பார்த்தார். தெரிந்தால் போனைப் பிடுங்கிவிடுவான். அதோடு அதுவும் போச்சு.

அதெல்லாம் வெளியே சொல்றதில்லை சார் என்றார் நெட்காரர். கனெக்‌ஷனே என் பேரில்தானே இருக்கு என்று இவன் குதித்தான்.

"நீங்க வாங்கியிருக்கிறது நெட்டு சார். வேவு பாக்குறதுக்கு நான் ஆள் இல்ல."

"மடியில கனமில்லைன்னா வழியில பயம் எதுக்குய்யா?"

"சரி சார். நாளைக்கு உங்க வீட்டம்மா வந்து உங்களைப் பத்திக் கேட்டா, அதையும் சொல்லிடவா?"

அவன் கொஞ்சம் முழித்தான். அப்புறம் சிரித்தான்.

"அவ எதுக்குக் கேக்கப்போறா? என்னை மலை மாதிரி நம்புறவ."

நெட்காரர் குனிந்து பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

வேற கம்பெனிக்கு மாறிக்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் குளிக்கப் போனான்.

தண்ணீர் டம்ளரோடு அவள் வாசலுக்கு ஓடினாள்.

"என் வயித்துல பால வார்த்தீங்க அண்ணே. உங்களை மாதிரி நல்லவங்களைப் பாக்க முடியாது."

அவர் நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"போன வாரம் எங்க ஆபீசுக்கு வந்து, அவர் ராத்திரியில யார்கூட பேசுறார்னு நீங்க கேட்டப்பவும் இதேதாம்மா சொன்னேன். அன்னைக்கு என்னை மனசாட்சியே இல்லாதவன்னு திட்டிட்டுப் போனீங்க."