அலுக்காத மூக்கு

1931 அக்டோபர் 14, புதன். நேற்று எழுதியதில் ஒரு பிழை. கண்தான் பார்க்கிறது என்று எழுதிவிட்டேன். கண் வெளிச்சத்தை வாங்கி நரம்பு வழியாக அனுப்புவதோடு சரி, பார்ப்பது மூளை என்று மாலை வகுப்பில் வாத்தியார் திருத்தினார்.

இன்று ஒரு சிவப்புக் காகிதத்தைக் கண்கொட்டாமல் பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு மங்கியது. ஒன்றையே உணர்ந்துகொண்டிருந்தால் புலன் அலுத்துவிடும், மூக்கும் அப்படித்தான் என்றார்.

எனக்குப் பக்கத்து வீட்டுக் காசிநாதன் அண்ணனின் ஞாபகம் வந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில், ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைக்கும் தொட்டி வேலை அவருக்கு. பல வருஷமாக அந்த வாடையிலேயே கிடப்பதால் தன்மேல் வீசுவது அவருக்கே தெரியாது.

ஆவணியில் கலவை என்ற ஊரிலிருந்து அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த செண்பகம் அண்ணிக்குத் தெரிந்தது. முதல் வாரம் சோறே இறங்கவில்லை. அண்ணன் வாசலில் கால் வைத்தால் அண்ணியின் முந்தானை மூக்குக்குப் போய்விடும். அதைத் தெருவே பார்த்திருக்கிறது.

வரும் ஞாயிறு அண்ணியின் தமையன் தலைத்தீபாவளிக்கு அழைக்க வருகிறார். அண்ணியை முன்னதாகவே கூட்டிப் போய்விடுவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வகுப்பு விட்டு வந்தபோது அண்ணன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். என் அரிக்கேன் வெளிச்சத்தில் அவர் நகங்கள் தெரிந்தன. எப்போதும் ஆவாரம்பட்டைக் கறை ஏறியிருக்கும் நகங்கள் வெளுத்திருந்தன. நன்றாகத் தேய்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"கலவைக்குப் போனா உங்கண்ணி திரும்பி வருமா, தம்பி? இன்னா தேச்சாலும் மூக்கை மூடிக்கினுதான் கீது" என்றார்.

வகுப்பில் கேட்டதைச் சொன்னேன். இரண்டு மாதமாகிறது, அண்ணியின் மூக்கும் இதற்குள் பழகியிருக்க வேண்டும் என்றேன்.

"உங்க வாத்தியார ஒருநா தொட்டில எறக்கிப் பாக்கணும்" என்றார். ஆனால் சிரிக்கவில்லை. ஈரத் துண்டோடு பீடி வாங்கக் கடைப்பக்கம் போனார்.

நான் பாடத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று சந்தேகம் வந்தது. கொல்லையில் அண்ணி அவருடைய வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். வேலிக்கு இப்பால் நின்று, வாடை கொஞ்சமாவது குறைந்திருக்கிறதா என்று கேட்டேன். அப்படியானால் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவர் பயந்து போயிருக்கிறார் என்றேன்.

"ரோட்ல தோல் வண்டி போனா இப்பவும் எனக்குக் கொமட்டுது. இது அலுக்குற மூக்கு இல்ல, தம்பி."

அப்படியென்றால் கலவையிலேயே தங்கிவிடுவீர்களா என்று கேட்டேன். அண்ணி வேட்டியின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

வாசலில் அண்ணன் செருமும் சத்தம் கேட்டது. அண்ணி ஈரக்கையை உதறிவிட்டு, முந்தானையை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். இவ்வளவு சொல்லியும் இப்படியா என்று எனக்கு வெறுத்துப்போனது. திரும்பி நடந்தேன்.

பின்னாலிருந்து, துணிக்குள்ளிருந்து, தணிந்த குரல் வந்தது.

"இந்த நேரத்துல இவர வுட்டுட்டு எங்க போறது? வேலை போயி ரெண்டு வாரம் ஆவுது, துணில வாடையே இல்ல. நான் மூக்கை மூடலன்னா, அவரு மறைக்கறது எனக்குத் தெரிஞ்சிப்போச்சின்னு கண்டுக்குவாரு."

நாளை: காலையில் ஆபித் பாஷாவின் அரிசி மண்டிக்குப் போய், யாருக்கென்று சொல்லாமல், ஆள் வேண்டுமா என்று விசாரிக்க வேண்டும்.