திங்கள், புதன், வெள்ளி நடுங்கும் கார்

எங்கள் நைனா கஞ்சன் என்று பாகாலாவில் எங்கள் தெரு தீர்ப்பு எழுதி வெகு நாளாகிவிட்டது. சாட்சி, வாசலில் நிற்கும் பழைய கார்.

பல நாள் காலையில் சாவியைத் திருகினால் 'டுக்... டுக்டுக்... ப்ஸ்... டுக்' என்று குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். முன்னால் வைத்திருக்கும் குட்டி பைபிள் ஆடி ஆடி ஓரத்துக்கு வந்துவிடும். கொஞ்ச நேரம் அப்படி ஆடி அடங்கிய பிறகுதான் திருப்பதிக்குக் கிளம்புவோம். அங்கே நைனாவுக்கு வேலை, எனக்குக் காலேஜ். எதிர்வீட்டுக் கமலக்கண்ணன் பெரியப்பாவும் சில நாள் எங்களோடு வருவார். பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்ததிலிருந்து ஒரு கால் இழுக்கும். ஆஸ்பத்திரியில் அதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

கார் சத்தத்தை நான் வாயாலேயே அச்சு அசலாக எழுப்புவேன். ஒரு தடவை குளியலறையிலிருந்து எழுப்பியதில், யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறார்கள் என்று நைனா ஒற்றைச் செருப்போடு தெருவில் ஓடினார்.

பக்கத்து வீட்டு யூனிஸ் ஆன்ட்டியின் குரலும் எனக்கு வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினால் போதும். "வாராவாரம் சர்ச்சுல முன்வரிசையில உக்கார்ற தேவானந்தம், அந்த வண்டியையும் கொஞ்சம் கவனிக்கக் கூடாதா? தெருவுல மனுசங்க தூங்க வேணாமா?"

நைனா சிரித்துவிட்டு, குளிருக்கு அப்படித்தான் இருக்கும், சூடானால் சரியாகிவிடும் என்பார். மெக்கானிக் ரங்கையா அண்ணாவிடம் காட்டலாம் என்றால் அடுத்த வாரம் என்பார். அந்த வாரம் வந்ததே இல்லை.

சரி, நாமே பார்ப்போம் என்று போனில் வீடியோ பார்த்து இறங்கினேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். சோக் கேபிளுக்கு எண்ணெய் விட்டேன். செவ்வாய்க்கிழமை காலை கார் பூனை மாதிரி முனகியது. நடுத்தெருவில் ஓர் ஆட்டம் போட்டேன்.

புதன்கிழமை மறுபடியும் டுக்டுக்.

வியாழன் அமைதி. அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். எப்போதுமே திங்கள், புதன், வெள்ளிதான் இந்த நடுக்கம்.

அன்று சாயங்காலம் நைனா ஜெபக்கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து ரங்கையா அண்ணாவைக் கூட்டிவந்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார்.

"பண்டிகி வாராலு தெலுசா? வண்டிக்கு என்னாம்மா கெழமை தெரியும்? சில்லுனு இருந்தா எல்லா நாளும் நடுங்கணும்."

பானெட்டைத் தூக்கி, கார்புரேட்டர் பக்கத்தில் சுண்டுவிரல் கனத்தில் இருந்த ஒரு ரப்பர் பைப்பை ஆட்டிக் காட்டினார். அது லூஸாக இருக்கிறதாம். கழன்றால் காற்று புகுந்து எஞ்சின் இப்படித்தான் ஆடுமாம். அவர் கொடுத்த இரும்பு கிளிப்பை நானே போட்டு, ஸ்க்ரூவைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை, என் வெற்றியைக் காதால் கேட்க வாசலுக்கு வந்தேன். எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நைனா பானெட்டுக்குள் தலையை விட்டு, அந்தப் பைப்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"நைனா, நீயா இத்தப் புடுங்கிக்கினு இருந்த?"

"கிளிப்பு எவடி போட்டது?"

"நான்தான்."

நைனா தலையில் கையை வைத்துக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்தார். பெரியப்பா கைத்தடியோடு கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். திங்கள், புதன், வெள்ளி. அவர் எங்களோடு வருகிற நாட்கள்.

நைனா குரலைத் தாழ்த்தினார். "முன்ன ஆட்டோவுல போய்க்கினு இருந்தாரு. ஒரு நாளு ஆட்டோக்காரன் ஆரன் அடிச்சான். இவரு ஓடியாந்து வுழுந்துட்டாரு. எனக்காவ யாரும் காத்துக்கினு நிக்க வேணாம்னு பயிற்சிக்குப் போறதயே வுட்டுட்டாரு. வண்டியே ரெடியாவலன்னா, அவரு பாட்டுக்கு நிதானமா வருவாரு. வந்தப்புறம் பைப்ப மாட்டிடுவேன்."

"அதுக்கு யூனிஸ் ஆன்ட்டிகிட்ட தெனம் திட்டு வாங்குவியா?"

அதற்குள், "தேவா, வண்டி ரெடியாப் பூடுச்சா? இதோ வந்துட்டேன்" என்று பெரியப்பா தடியை வேகவேகமாக ஊன்ற ஆரம்பித்துவிட்டார். ஒரு கால் கல்லில் இடறியது. சமாளித்துக்கொண்டு இன்னும் வேகமாக வந்தார்.

நான் பானெட்டுக்குப் பின்னால் குனிந்தேன்.

"டுக்... டுக்டுக்... ப்ஸ்... டுக்..."

நைனா ஒரு நொடி முழித்தார். அப்புறம் பானெட்டை ஒரு தட்டு தட்டினார். "எங்க ரெடியாவுதுண்ணா, கேட்டீங்களா சத்தத்த? மெதுவா வாங்க."

பெரியப்பாவின் நடை தளர்ந்தது. நான் விடவில்லை. உதடு மரத்துப்போனது. கார்புரேட்டர் மேலெல்லாம் என் எச்சில். நடுவில் ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்கினேன். யூனிஸ் ஆன்ட்டியின் ஜன்னல் படாரென்று திறந்தது. "ஆரம்பிச்சிட்டியா தேவானந்தம்?"

எனக்கு இதைவிட வேறு விருது வேண்டுமா?

பெரியப்பா வந்து முன்சீட்டில் உட்கார்ந்து, இழுக்கும் காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். நைனா பானெட்டை மூடினார். நான் வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாத முகத்தோடு பின்சீட்டில் ஏறினேன். கார் வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

ரயில்வே கேட்டைத் தாண்டினோம். பெரியப்பா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பைப்பு புடுங்குன எஞ்சினு நடுவுல மூச்சு வாங்காது பாப்பா. திங்கக்கெழமைக்குள்ள பழகிக்க."